திகில் கதை எழுதுபவர்களுக்கு, டச்சிங் வேலை பார்த்தவனின் திறந்த மடல்

சமூக ஊடகப் புகழையும் செயற்கை அழகையும் வைத்துத் திகில் கதை எழுதிக்கொண்டிருக்கும் தோழர்களுக்கு,

வணக்கம்.

ஒரு தொகுப்புக்குக் கதைகளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை நண்பர் ஒருவர் என் தலையில் கட்டினார். இரண்டு மாதங்களாக உங்கள் கதைகளைத்தான் வாசித்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதுதான் முறை என்று தொடங்கினேன். ஏழெட்டு எழுதியபின் திரும்பப் படித்தால் எல்லாவற்றிலும் ஒரே விஷயத்தை எழுதியிருந்தேன். காரணம் எளிது. நீங்களும் ஒரே கதையைத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனவே பொதுவில் ஒரே மடலாக எழுதிவிடுகிறேன்; யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் கதை இப்படிப் போகும். ஓர் இளம்பெண், ஒரு கைபேசி. எங்கிருந்தோ ஒரு செயலி வந்து சேர்கிறது. அது அவளை அழகாக்குகிறது. பின்தொடர்பவர்கள் ஆயிரமாகி, லட்சமாகி, பத்து லட்சத்தைத் தொடுகிறார்கள். மூன்றாம் பக்கத்தில் கண்ணாடியில் ஏதோ சரியில்லை. ஏழாம் பக்கத்தில் கன்னத்துத் தோல் உரிந்து விழுகிறது. கடைசியில் நேரலையில், அத்தனை பேர் பார்க்க, ஃபில்டர் கழன்று உள்ளே இருக்கும் அழுகல் தெரிகிறது. அவள் சாகிறாள், இல்லையென்றால் பைத்தியமாகிறாள். கடைசி வரியில் அவளுடைய தோழி அதே செயலியைத் தரவிறக்கிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தோழியை மட்டும் நான் பதினொரு கதைகளில் சந்தித்துவிட்டேன்.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்பீர்கள். நான் எழுத்தாளன் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் புகைப்பட நிலையங்களில் டச்சிங் வேலை பார்த்தவன். ஃபிலிம் காலத்தில் தொடங்கினேன். நெகட்டிவை வெளிச்சப் பலகையில் வைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் பரு, தழும்பு, கண்ணுக்கடியில் கிடக்கும் கருவளையம் என்று ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருவேன். நெகட்டிவில் கறுத்தால் படத்தில் வெளுக்கும். கை எப்போதும் தலைகீழாகவே யோசிக்க வேண்டும். பிறகு கணினி வந்தது, சுட்டி வந்தது, வேலை மாறவில்லை.

இந்தத் தொழிலும் நேற்று முளைத்தது இல்லை. 1855இல் பாரிஸ் பொருட்காட்சியில், ஹான்ஃப்ஸ்டெங்கல் என்ற ஜெர்மானியப் புகைப்படக்காரர் ஒரே முகத்தின் இரண்டு படங்களைக் காட்சிக்கு வைத்தார். ஒன்று நெகட்டிவில் திருத்தியது, மற்றொன்று திருத்தாதது. பார்த்த கூட்டம் வாயைப் பிளந்தது. ஆகவே, ‘இந்தத் தலைமுறைதான் தன் முகத்தை வெறுக்கிறது’ என்று உங்களில் பலர் போட்டிருக்கும் பீடிகை ஏறத்தாழ 170 ஆண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது. தயவுசெய்து அதை வெட்டிவிடுங்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நாள் ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மா வந்தார். புதிதாக எடுத்த படம் ஒன்று, சட்டம் போட்ட பழைய படம் ஒன்று, இரண்டையும் மேசைமேல் வைத்தார். “புதுப் படத்தில் என் முகம் சரியாக வரவில்லை. பழையதில் இருப்பதுதான் என் முகம். அதேபோல் செய்து கொடுங்கள்” என்றார். பழைய படத்தைக் கையில் எடுத்தேன். என் வேலை. மூக்குத் தண்டின்மேல் ஓடும் அந்த மெல்லிய வெளிச்சக் கோட்டைப் போட்டது என் பென்சில். கன்னத்துப் பள்ளத்தை நிரப்பியதும் என் பென்சில். அந்த மூக்கு அவருக்கு எந்த வயதிலும் இருந்ததில்லை. இருபது ஆண்டுகளாகத் தினமும் சுவரில் பார்த்துப் பார்த்து, அதுவே தான் என்று அவர் நம்பிவிட்டார். வயது தன்னிடமிருந்து எதையோ பறித்துக்கொண்டது என்று நினைத்து வருந்திக்கொண்டிருந்தார். பறிபோனது அவரிடம் ஒருநாளும் இருந்ததில்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

அவர் கண்ணில் அகந்தை ஒரு துளியும் இல்லை. அந்த அறையில் பேய் என்று ஒன்று இருந்தால் அது மேசைக்கு இந்தப் பக்கம்தான் உட்கார்ந்திருந்தது.

உங்கள் கதைகளில் அந்தப் பேய் ஒருமுறைகூட வரவில்லை என்பதுதான் என் புகார். செயலி சாபத்திலிருந்து வருகிறது, கிணற்றிலிருந்து வருகிறது, இறந்துபோன நடிகையின் ஆவியிலிருந்து வருகிறது. யாரோ ஒருவர் வெளிச்சமான அலுவலகத்தில் உட்கார்ந்து, தாடை எத்தனை விழுக்காடு ஒடுங்கவேண்டும், கண் எத்தனை விழுக்காடு அகலவேண்டும் என்று எண்களைப் போட்டுவிட்டு, மாலையில் வீட்டுக்குப் போய்த் தூங்கினார் என்ற காட்சி எங்குமே இல்லை. அவரை விட்டுவிட்டு, அந்த எண்களுக்குள் முகத்தைக் கொடுத்த பெண்ணை ஏழு பக்கம் துரத்துகிறீர்கள்.

அவள் தன் மூக்கை வெறுக்கும் காட்சி ஏறக்குறைய எல்லாரிடமும் இருக்கிறது. பொறாமை, பேராசை என்று காரணமும் சொல்கிறீர்கள். உண்மைக் காரணம் இதைவிட அச்சமூட்டுவது. கைபேசியை முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் பிடித்துப் படமெடுத்தால் மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஐந்தடி தள்ளி நின்று எடுத்தால் அந்தக் கோளாறு இல்லை. அதாவது, எதிரில் நிற்பவர்களுக்கு ஒழுங்காகத் தெரியும் மூக்கு, அவள் கைநீளத்துக்குள் மட்டும் வளர்கிறது. ‘என் மூக்கு பெரியதா?’ என்று கேட்டால் எல்லாரும் இல்லை என்கிறார்கள். படம் ஆம் என்கிறது. அவள் யாரை நம்புவாள்? இதற்கு மேல் சாபம் எதற்கு? ஒளியியலே போதும். அதே ஆண்டில், ஃபில்டர் போட்ட தங்கள் படத்தையே எடுத்துக்கொண்டு முக அறுவை மருத்துவர்களிடம் வருபவர்களைப் பற்றியும் மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். முன்பெல்லாம் நடிகையின் படத்தைக் கொண்டுவருவார்களாம். நடிகையாவது எங்கோ ஓர் இடத்தில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்.

ஃபில்டர் கழன்று விழும் உச்சக்கட்டத்துக்கு வருகிறேன். உங்களுக்கெல்லாம் மிகவும் பிடித்த இடம் அது. முன்பு வந்த ஃபில்டர்கள் அப்படித்தான் இருந்தன. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் இமை ஓரிடம், உதடு ஓரிடம் என்று குழம்பும். 2023இல் டிக்டாக்கில் ‘போல்ட் கிளாமர்’ என்ற ஃபில்டர் வந்தபோது எல்லாரும் முதலில் செய்த சோதனை அதுதான். கையைக் குறுக்கே கொண்டுபோனார்கள், கன்னத்தைத் தேய்த்தார்கள். அது அசையவில்லை. அதற்குப் பின்னும் முகமூடி கழன்று விழுவதைத் திகில் என்று எழுதுகிறீர்கள். எனக்கு அது ஆறுதலாகத்தான் படுகிறது. கழலும் என்றால் உள்ளே ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது என்று பொருள். கழலாத ஒன்றை எழுதிப் பாருங்கள். அவள் கத்துகிறாள், அழுகிறாள், உதவி கேட்கிறாள். திரையில் இருக்கும் முகம் அழும்போதும் அழகாகவே அழுகிறது. பார்ப்பவர்கள் இதயக்குறி அனுப்புகிறார்கள்.

பெண்ணைத் தண்டித்துக் கதையை முடிக்கும் வழக்கம் உங்களிடம் தொடங்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஹங்கேரியின் பாத்தோரி சீமாட்டி, இளமைக்காகக் கன்னிப்பெண்களின் இரத்தத்தில் குளித்தாள் என்ற கதையை உங்களில் மூன்று பேர் தொட்டிருக்கிறீர்கள். அவள் இறந்தது 1614இல். இரத்தக் குளியல் முதன்முதலில் அச்சில் வந்தது 1729இல். 1610ஆம் ஆண்டை ஒட்டி நடந்த விசாரணையின் சாட்சியங்களில் சித்திரவதை உண்டு, கொலை உண்டு, குளியல் இல்லை. நூறாண்டுக்குப் பிறகு யாரோ உட்கார்ந்து, ‘ஒரு பெண் எதற்காக இத்தனை கொடுமை செய்திருப்பாள்?’ என்று யோசித்திருக்கிறார்கள். அழகாசை என்று ஒரு காரணத்தைப் பென்சிலால் தொட்டு வைத்திருக்கிறார்கள். என் தொழிலுக்கு அண்ணன் தொழில்.

கம்பனையும் விடமுடியாது. வால்மீகியில் சூர்ப்பணகை தன் சொந்த உருவத்தோடுதான் வருகிறாள். கம்பன்தான் அவளுக்குத் திருமகள் மந்திரத்தைக் கொடுத்து, அழகியாக்கி நடக்கவிடுகிறான். ஆனால் அவன் கெட்டிக்காரத்தனத்தைக் கவனியுங்கள். அந்த நடைக்கு அவன் போட்ட சந்தத்தில், வஞ்சம் என்று தெரிந்தே நம் காது மயங்குகிறது. நம்மையும் மயங்க வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுக்கவிடுகிறான். மூக்கு போகும்போது, ரசித்த குற்றம் நம்மிடமும் ஒட்டியிருக்கிறது. நீங்கள் முதல் பத்தியிலேயே ‘செயற்கைப் புன்னகை’, ‘பிளாஸ்டிக் உதடு’ என்று அவளை வெறுக்கத் தொடங்கிவிடுகிறீர்கள். பிறகு அவளுக்கு என்ன நடந்தால் எனக்கென்ன?

அந்தப் பிளாஸ்டிக்கும் பழைய சரக்கு. மனிதனைப்போலவே இருந்தும் முழுதாக மனிதனாக இல்லாத உருவம் அருவருப்பூட்டும் என்றும், அந்த இடம் ஒரு பள்ளம் என்றும் ஜப்பானிய அறிஞர் மசாஹிரோ மோரி எழுதியது 1970இல். இப்போது இயந்திரம் செய்யும் முகங்கள் அந்தப் பள்ளத்தைத் தாண்டிவிட்டன. அவற்றை உருவாக்க 2014இல் கண்டுபிடித்த முறையே ஒரு நல்ல பேய்க்கதை: இரண்டு இயந்திரங்கள், ஒன்று பொய்முகம் செய்யும், மற்றது பொய்யைக் கண்டுபிடிக்கும். கண்டுபிடிக்கக் கண்டுபிடிக்க முதலாவது தேறும். இரண்டாவது கைவிரிக்கும்வரை இது நடக்கும். 2022இல் வந்த ஓர் ஆய்வில், இப்படிப் பிறந்த முகங்களை உண்மை முகங்களிலிருந்து மக்களால் பிரித்தறிய முடியவில்லை. பொய்முகங்களுக்கு நம்பகத்தன்மையில் சற்றே கூடுதல் மதிப்பெண்ணும் கிடைத்தது. பயப்படுவதற்குரிய முகம் என்று ஒன்றை நீங்கள் இன்னும் வருணித்துக்கொண்டிருக்கிறீர்கள். நம்பத் தோன்றும் முகத்தை வருணியுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கால்ட்டனின் சங்கதி. 1878இல் ஃபிரான்சிஸ் கால்ட்டன் என்ற ஆங்கிலேய அறிஞர், குற்றவாளியின் முகம் எப்படி இருக்கும் என்று கண்டுபிடிக்க ஆசைப்பட்டார். சிறைக் கைதிகளின் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக ஒரே தகட்டில் பதித்தார். கொடுமை திரண்டு தெளிவாகத் தெரியும் என்று எதிர்பார்த்தார். கிடைத்ததோ, சேர்ந்த முகங்களைவிடப் பார்வைக்கு இனிமையான ஒரு முகம். ஒருவன் தழும்பை இன்னொருவன் கன்னம் அழித்தது. ஒருவன் முறைப்பை இன்னொருவன் நெற்றி மழுக்கியது. எல்லாரும் காணாமல்போன பிறகு எஞ்சியது அழகு. இன்று எந்தத் திரையைத் திறந்தாலும் அக்காள் தங்கைபோல் ஒரே சாயலில் வரும் முகங்களைப் பார்க்கும்போது எனக்குக் கால்ட்டனின் தகடுதான் நினைவுக்கு வருகிறது. அதற்குள் எத்தனை பேர் புதைந்திருக்கிறார்கள்? இதை எழுத உங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு ஆற்றாமை.

உடல் உருகும் காட்சி வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1933இல் அமெரிக்காவில் ‘லாஷ் லூர்’ என்ற இமைச்சாயம் விற்பனையில் இருந்தது. அதில் இருந்த ரசாயனத்தால் பெண்கள் பார்வையிழந்தார்கள், உயிரும் போனது. அன்றைய சட்டத்தில் அழகுப் பொருள்களைத் தடுக்க இடமே இல்லை. கைகட்டி நின்ற அதிகாரிகள் இப்படிப்பட்ட பொருள்களையும் பாதிக்கப்பட்டவர்களின் படங்களையும் கண்காட்சியாக வைத்தார்கள். பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் ‘திகில் கூடம்’. புதிய சட்டம் 1938இல்தான் வந்தது. அந்தப் பெண்கள் எந்தப் பேயோடும் ஒப்பந்தம் போடவில்லை. கடையில் விற்றதை நம்பினார்கள்.

அடுத்து, புகழ். இந்த இடத்தில்தான் உங்கள் கற்பனை மிகவும் வறண்டுபோகிறது. உங்கள் எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன, பிறகு சாவு. ஏறும் எண்ணில் என்ன பயம்? நேற்று நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள், இன்று நானூறு. அதே வெளிச்சம், அதே சிரிப்பு, அதே நேரம். என்ன தவறு செய்தாள்? யாரும் சொல்லமாட்டார்கள், சொல்வதற்கு யாரும் இல்லை.

நம் பேய்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. ‘யார் நீ, உனக்கு என்ன வேண்டும்?’ என்று அதட்டிக் கேட்டால் சொல்லிவிடும். கேட்டதைக் கொடுத்தால் இறங்கிப்போகும். திரைக்குப் பின்னால் யாரை மேலே ஏற்றலாம், யாரைக் கீழே தள்ளலாம் என்று கணக்குப் போடும் நிரல் இருக்கிறதே, அது என்ன வேண்டும் என்று ஒருநாளும் சொல்வதில்லை. அதனால் மனிதர்கள் தாங்களே ஊகித்துப் படையல் வைக்கிறார்கள். இந்த நேரத்தில் பதிவிட்டால் அதற்குப் பிடிக்குமாம். இந்தச் சொல்லை எழுதினால் அதற்குக் கோபம் வருமாம். முதல் மூன்று நொடியில் முகம் தெரியாவிட்டால் கண்டுகொள்ளாதாம். ஒருநாள் விடுப்பு எடுத்தாலும் மறந்துவிடுமாம். காய்ச்சலோடு எழுந்து, முகத்தில் சாயம் பூசி, விளக்கைப் போட்டுச் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்துப் படுத்துக்கொண்டு, எண் ஏறுகிறதா என்று பார்க்கிறார்கள். விருப்பக்குறியைப் பேஸ்புக் கொண்டுவந்தது 2009இல். திரையின் அடி வராமல் உருண்டுகொண்டே போகும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த ஏசா ராஸ்கின், பின்னால் அதற்காகப் பகிரங்கமாக வருந்தினார். கட்டியவரே வருந்தும் வீட்டில், வெளியே போகும் கதவைத் தேடி ஒருத்தி நடந்துகொண்டிருக்கிறாள். இதை எழுதாமல் கன்னத்துத் தோலை ஏன் உரிக்கிறீர்கள்?

வந்த கதைகளில் ஒன்று மட்டும் வேறு மாதிரி இருந்தது. எழுதியவர் பெயரைச் சொல்லமாட்டேன், தலைக்கனம் வந்துவிடும். ஒரு பெண் ஒவ்வோர் இரவும் நேரலையில் வருகிறாள். பார்ப்பவன் ஒரே ஒருவன். அவன்தான் கதையைச் சொல்கிறான். அவன் நுழைந்தால் பூஜ்யம் ஒன்றாக மாறும். அதில் அவனுக்கு ஒரு பெருமை. ஒருநாள் அவன் தாமதமாக வருகிறான். உள்ளே நுழைவதற்கு முன்பே அங்கே ‘1’ என்று இருக்கிறது. அவள் அந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். மூன்று பக்கம்தான். படித்துவிட்டு நான் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டு வந்தேன். இரத்தம் இல்லை, தோல் உரியவில்லை, அந்தப் பெண்ணுக்கு ஒரு குறையும் நேரவில்லை. பயம் பார்ப்பவன் பக்கம் இருக்கிறது. இருக்கவேண்டிய இடம் அதுதான்.

அழகை இழப்பதற்கு மேல் ஒரு பெண்ணுக்குக் கெடுதல் இல்லை என்று நீங்கள் நம்புவதுதான் எனக்குப் புரியவே இல்லை. இந்த மொழியில் எழுதுகிறவர்களுக்கு அந்த நம்பிக்கை எப்படி வந்தது? கணவன் விலகியபின், அவனுக்காகத் தாங்கிய இந்தத் தசையழகு எனக்கு வேண்டாம் என்று கேட்டு உதறி, பேய் வடிவத்தை வேண்டிப் பெற்றவர் காரைக்கால் அம்மையார் என்று பெரியபுராணம் சொல்கிறது. தன் பாட்டில் ‘காரைக்காற் பேய்’ என்று தானே கையெழுத்துப் போட்டவர். வற்றிய உடலோடு அவர் வரும்போது கண்டவர்கள் அஞ்சி ஓடினார்கள். அவர் ஓடவில்லை, பாடினார். பக்தியை விடுங்கள், அது உங்கள் விருப்பம். ஒரு கதைச்சூத்திரமாக மட்டும் பாருங்கள். ஃபில்டரை அணைத்துவிட்டு, விளக்கையும் நகர்த்திவிட்டு, வெறும் முகத்தோடு தினமும் ஒருத்தி வந்து உட்காருகிறாள். ஒன்றும் பேசுவதில்லை. பத்து லட்சம் பேரும் ஒவ்வொருவராக நடுங்கி விலகுகிறார்கள். எதைக் கண்டு நடுங்கினார்கள்? இதை யாராவது எழுதினால் நான் முதல் கதையாக வைப்பேன்.

செத்தவர்களைப் பற்றி எழுதுபவர்களுக்கும் சிறு குறிப்பு. என் தொழிலில் அடிக்கடி வந்த வேலை, இறந்தவரின் மூடிய கண்ணைத் திறந்து வைப்பது. உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுக்காத மனிதர்கள் இருந்தார்கள். கடைசியாக எடுத்த அந்த ஒரே படத்தைக் கொண்டுவந்து, ‘கண்ணை மட்டும் திறந்து கொடுங்கள்’ என்பார்கள். கருவிழியை நான் வரைவேன். பார்வை எந்தப் பக்கம் போகவேண்டும் என்பதையும் நான்தான் முடிவு செய்ய வேண்டும். யாரும் அதைச் சொல்லித் தருவதில்லை. 2009இல் பேஸ்புக், ‘இவரோடு பேசி நாளாகிவிட்டதே’ என்ற பாங்கில், இறந்துபோனவர்களைப் பயனர்களுக்குப் பரிந்துரைத்தது. மக்கள் பதறிய பிறகு, இறந்தவர்களின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றும் வழியை அறிவித்தார்கள். ஆவி திரும்பி வந்தது என்று நீங்கள் எழுதும்போது, யார் அனுப்பி வைத்தது என்பதையும் ஒரு வரி சேருங்கள்.

திருத்தி அனுப்ப விரும்புபவர்கள் அனுப்பலாம். தொகுப்பு அச்சுக்குப் போக இன்னும் நாள் இருக்கிறது. அந்தத் தோழியையும் அவள் தரவிறக்கத்தையும் மட்டும் எனக்காக நீக்கிவிடுங்கள்.

டச்சிங் மேசைக்கு வந்த அந்த அம்மாவின் கதையை யாராவது எழுத நினைத்தால் தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், டச்சிங்காரனை நல்லவனாக்கிவிடாதீர்கள். “இது நான் வரைந்த மூக்கு அம்மா” என்று நான் அன்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னேன். புதுப் படத்திலும் அதே கோட்டைப் போட்டுக் கொடுத்தேன். அவர் சட்டத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, “இப்போதுதான் என் முகம் திரும்பி வந்திருக்கிறது” என்றார். நான் காசை வாங்கிக் கல்லாவில் போட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் கதைகளை இன்னும் வாசித்துக்கொண்டிருக்கும்
ஒரு டச்சிங்காரன்